ஃபேன் நிற்கும்போது

ஜூன் 2, திங்கள்

பெட்டி வந்துவிட்டது. சின்ன ஃப்ரிட்ஜ் அளவு, கறுப்பு நிறம். பெங்களூர் கம்பெனியிலிருந்து ஒருவர் கூடவே வந்து எங்கள் தடய அறிவியல் ஆய்வகத்தின் மூலை அறையில் பொருத்திக் கொடுத்தார். ஜூலை முடியும்வரை சோதனைக்கு. அதன் பிறகு வாங்கலாமா வேண்டாமா என்று நான் அறிக்கை எழுத வேண்டும். வேண்டாம் என்றுதான் எழுதுவேன் என்று நினைத்தே என்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

குழந்தைகளைச் சீரழித்து எடுக்கப்படும் வீடியோக்கள், போலீஸ் கைப்பற்றும் போன்களிலும் ஹார்ட் டிஸ்க்குகளிலும் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரே வீடியோ நூறு போன்களில் இருக்கும். அது ஏற்கெனவே மீட்கப்பட்ட குழந்தையா, அல்லது எங்கோ ஒரு வீட்டில் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கும் குழந்தையா என்று தெரிய வேண்டுமானால், இதுவரை ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். கோப்புகளின் அடையாள எண்ணை வைத்து ஒப்பிடும் பழைய முறை, ஒரு தடவை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலே எண் மாறித் தோற்றுவிடும். இந்தப் பெட்டி கோப்பைப் பார்ப்பதில்லை, காட்சியைப் பார்க்கிறது. எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு, எது எப்போது நகர்கிறது என்பதை எண்களாக்கி வைத்துக்கொண்டு மற்ற வீடியோக்களோடு பொருத்திப் பார்க்கிறது. ஓரத்தை வெட்டியிருந்தாலும், தரம் குறைந்திருந்தாலும் கண்டுபிடிக்குமாம்.

"தொண்ணூத்தெட்டு சதவீதம் துல்லியம் மேடம்" என்றார் கம்பெனிக்காரர்.

"எதில்?" என்று கேட்டேன். அவர் அருளப்பனைப் பார்த்தார். அருளப்பன் என் உதவி விஞ்ஞானி. அவர் ஜன்னலைப் பார்த்தார்.

ஒரு வசதி மட்டும் உருப்படியாகத் தெரிந்தது. வேண்டுமென்றால் காட்சியில் இருக்கும் ஆட்களைச் சாம்பல் நிறத்தால் மூடிவிட்டு அறையை மட்டும் காட்டும்.

வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன். வெயில் குறையவில்லை.


ஜூன் 5, வியாழன்

பழைய வழக்குகளின் டிஸ்க்குகளை ஏற்ற ஆரம்பித்திருக்கிறோம். அதை முழுக்க அருளப்பனிடம் கொடுத்துவிட்டேன். ஏற்றுவது, எண் போடுவது, பதிவது. பார்க்க வேண்டியவை வந்தால் என் மேசைக்கு. அவருக்கு முகம் சுருங்கியது. போன வாரம்தான் மகளை எல்கேஜியில் சேர்த்திருக்கிறார். பையில் எப்போதும் ஒரு கலர் பென்சில் டப்பா இருக்கிறது.


ஜூன் 9, திங்கள்

பெட்டி குப்பையைக் கொட்டுகிறது. கல்யாண வீடியோவையும் வேறொரு கல்யாண வீடியோவையும் "ஒன்றே" என்கிறது. இரண்டிலும் நடுவில் மேடை, இரு பக்கமும் வாழைமரம். கிரிக்கெட் மைதானம் எல்லாம் ஒரே மைதானம்.

காரணத்தைக் கண்டுபிடித்தேன். அமைப்புப் பக்கத்தில் "கண்ணாடிப் பக்கமும் ஒப்பிடுக" என்று ஒரு கட்டம் இருக்கிறது. வீடியோவை இடவலமாகத் திருப்பிப் போட்டால் சிக்காது என்று சிலர் அப்படிச் செய்வார்களாம். அதற்காக ஒவ்வொன்றையும் நேராக ஒரு தடவை, திருப்பி ஒரு தடவை ஒப்பிடுகிறது. நேரம் இரண்டு மடங்கு, பொய்ப் பொருத்தமும் இரண்டு மடங்கு. கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தேன்.

"அது இருந்துட்டுப் போகட்டுமே மேடம்" என்றார் அருளப்பன். "எவனாவது திருப்பிப் போட்டிருந்தா?"

"நம்மிடம் வருகிறவர்கள் ஃபார்வர்ட் செய்கிறவர்கள். இவ்வளவு யோசிக்கிற ஆட்கள் இல்லை" என்றேன்.

எடுத்ததிலிருந்து பெட்டி ஒழுங்காக ஓடுகிறது. இதை அறிக்கையில் சேர்க்க வேண்டும்.


ஜூன் 12, வியாழன்

இன்ஸ்பெக்டர் பர்வீன் வந்தார். சைபர் குற்றப் பிரிவு. என்னைவிட ஐந்தாறு வயது சிறியவர், பத்து மடங்கு சத்தம்.

"என்ன மேடம், உங்க புது மாப்பிள்ளை எப்படி இருக்கார்?" என்று பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னும் நம்பிக்கை வரவில்லை."

"உங்களுக்கா? ஆண்டவரே நேர்ல வந்து சாட்சி சொன்னாலும், அடுத்த சாட்சி யாருன்னு கேப்பீங்க."

அவர் கொண்டுவந்த டிஸ்க் பாலக்கரையில் ஒரு செல்போன் கடையில் பிடித்தது. இருநூற்றுச் சொச்சம் வீடியோக்கள். பெட்டி மதியத்துக்குள் ஏறக்குறைய எல்லாவற்றையும் அடையாளம் சொல்லிவிட்டது: பழையவை, வெளிநாட்டில் எடுத்தவை, மீட்பு முடிந்தவை. அது நல்ல வேலைதான், மறுக்க மாட்டேன். பதினேழாம் எண் கோப்பு மட்டும் எதனோடும் பொருந்தவில்லை. புதியது. எடுத்த இடம் இந்தியா என்பது அறையைப் பார்த்தாலே தெரிகிறது. குரல் எதுவும் இல்லை, மேலே ஏதோ பாட்டை ஒட்டியிருக்கிறார்கள்.

"பாப்பாவுக்கு என்ன வயசிருக்கும்?" என்றார் பர்வீன். இந்த ஒரு கேள்விக்கு அவர் குரல் சின்னதாகிவிடும்.

ஒன்பது என்றேன்.

"இன்னும் அங்கயே இருக்கும் இல்ல மேடம்."

அது எனக்குத் தெரிந்த விஷயம் இல்லை. தெரியாததைச் சொல்வதில்லை.


ஜூன் 14, சனி

விடுமுறை நாள். போனேன். பதினேழைச் சாம்பல் நிறத்தில் போட்டு அறையை மட்டும் எடுத்துக்கொண்டேன். பச்சைச் சுவர். கீழே ஒரு மரக் கட்டில். ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு அட்டை, தினசரி காலண்டராக இருக்கலாம், எழுத்துத் தெரியவில்லை. சுவரில் மாலை போட்ட ஒரு பெண்ணின் படம், மேலே சிவப்பு பல்பு. கடைசியில் போனைக் கட்டில்மேல் மல்லாக்க வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு உத்தரமும் ஃபேனும்தான். மின்சாரம் போகிறது. ஃபேன் நிற்கிறது. முடிகிறது.

மாவு தீர்ந்துவிட்டது. ரவை வாங்க மறந்தேன்.


ஜூன் 18, புதன்

பதினேழைப் பற்றி முடிவு எடுத்தோம்.

மாலை போட்ட படத்தைப் பெரிதாக்கினால் முகம் கலைந்துவிடுகிறது, ஆனால் புடவை கட்டிய விதம் தெரிகிறது. முந்தானை வலது தோளில். நம் பக்கம் இடது தோள். நான் அகமதாபாத்தில் இரண்டு வருடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தவள். விடுதிச் சமையல்காரம்மா முதல் பேராசிரியரின் மனைவிவரை வலது தோளில் முந்தானை போட்டவர்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். சொன்னேன்.

"அப்போ நம்ம ஆளுங்க இல்லையா?" என்றார் பர்வீன். அவர் குரலில் கொஞ்சம் நிம்மதி இருந்தது. என் குரலிலும் இருந்திருக்கலாம்.

"ஒரே ஒரு படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வடக்கு என்பதற்கே வாய்ப்பு அதிகம்."

கோப்பு குஜராத் உட்பட இரண்டு வட மாநிலங்களுக்குக் குறிப்போடு போயிற்று. குறிப்பை எழுதியது நான். நம் பட்டியலில் பதினேழு "அனுப்பப்பட்டது" ஆயிற்று.


ஜூன் 22, ஞாயிறு

படுக்கையறை ஃபேன் சத்தம் போடுகிறது. ஒரு வாரமாகவே. நிறுத்திவிட்டுப் படுத்தால்தான் தூக்கம் வருகிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து தம்பி பேசினான்.

"என்னக்கா, சத்தத்தையே காணோம்? கோயிலுக்குப் போனியா?"

"உடம்பு அசதி. போகல."

"மூணு வாரமா அசதியா? ஐயரம்மா எங்கிட்ட கேக்காங்க. சின்னப் பிள்ளைங்க பாட்டுக்கு நீதான் ஆர்மோனியமாம்லா."

சர்ச்சில் வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லும்படி பாஸ்டர் மனைவியிடம் அவனையே சொல்லச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைக்க வேண்டியிருக்கிறது.


ஜூன் 26, வியாழன்

எலக்ட்ரீஷியன் வரவில்லை.


ஜூலை 1, செவ்வாய்

அருளப்பன் மதியம் டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்? என்மேல நம்பிக்கை இல்லையா?"

"ஏன்?"

"ஒரு மாசமா ஒரு வீடியோகூட எங்கிட்ட வரல. எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கிறீங்க. நான் என்ன டைப்பிஸ்ட்டா?"

"பதிவு வேலையில் தப்பு வரக்கூடாது. அதற்கு நீங்கள்தான் சரி."

அவர் டிபன் பாக்ஸைக் கழுவ எழுந்து போனார். உண்மையிலேயே பதிவு வேலையில் அவர் கெட்டிக்காரர். வெயில் கண்ணுக்குள்ளேயே அடிக்கிறது. தலைவலி மாத்திரை வாங்கினேன்.


ஜூலை 4, வெள்ளி

வடக்கே இருந்து ஒரு மாநிலம் பதில் போட்டிருக்கிறது: காணாமல் போன குழந்தைகள் பட்டியலில் பொருத்தம் இல்லை. காணாமல் போகாத குழந்தையைக் காணாமல் போனவர்கள் பட்டியலில் தேடியிருக்கிறார்கள். வீட்டிலேயே வைத்து எடுத்தது, குழந்தை காணாமல் போயிருக்காது என்பதுதான் குறிப்பின் முதல் வரி.

பெட்டியைப் பற்றிய இடைக்கால அறிக்கை எழுதி முடித்தேன். வேகம் திருப்தி. பொய்ப் பொருத்தம் நான் செய்த மாற்றத்துக்குப் பிறகு வெகுவாகக் குறைந்தது. எல்லாம் நன்றாக வந்திருக்கிறது.


ஜூலை 6, ஞாயிறு

ரசம். அப்பளம். துணி.


ஜூலை 10, வியாழன்

பர்வீன் சமோசா வாங்கி வந்தார். பழைய வழக்கு ஒன்றில் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போய் நாள் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறார்.

"பதினேழு என்னாச்சு மேடம்?"

"இன்னொரு மாநிலம் பதில் போடவில்லை."

"நான் அந்தப் பாப்பாவக் கனவுல பாத்தேன். மூஞ்சி இல்ல. உங்க மெஷின் பூசுமே, அந்தச் சாம்பல் கலர்தான். நீங்க கனவெல்லாம் காண்றதுண்டா?"

இல்லை என்றேன். காண்பதற்குத் தூங்க வேண்டும். அதை அவரிடம் சொல்லவில்லை.


ஜூலை 16, புதன்

எலக்ட்ரீஷியன் தங்கப்பாண்டி ஒருவழியாக வந்தார். ஃபேனைப் போட்டார், ஸ்டூலில் ஏறிக் காதை வைத்தார், இறங்கினார்.

"ஒரு சத்தமும் இல்லயே. பஞ்சு மாதிரி ஓடுது."

"எனக்குக் கேட்கிறது."

"ராத்திரியிலயா?"

"ராத்திரியில்தான்."

"அப்ப அது ஃபேன் இல்ல மேடம்" என்று சிரித்தார். "ஏசி போட்டுருங்க. திருச்சியில ஃபேன் இல்லாமப் படுக்கிறீங்களே, அவிஞ்சு போயிருவீங்க."

சுவிட்சை அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி அணைத்துக் காட்டினார். நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். வேகமாக ஓடும்போது இறக்கைகள் தெரிவதில்லை, வட்டம்தான் தெரிகிறது. அணைத்ததும் மெல்ல மெல்ல ஒவ்வொன்றாகப் பிரிந்து வருகின்றன. கடிகார முள்ளுக்கு எதிராக, இடப்பக்கமாகச் சுற்றி வந்து நின்றன.

இன்னொரு தடவை அணைக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு ஹாலில் இருப்பதையும்.

"எல்லாம் ஒரே பக்கம்தான மேடம் சுத்தும்" என்றார், பாவமாகப் பார்த்து.

சீக்கிரம் போகச் சொல்லிவிட்டேன். மனிதர் வருத்தப்பட்டிருக்கலாம்.


ஜூலை 17, வியாழன்

எட்டு மணிக்கே ஆய்வகத்தில் இருந்தேன். பதினேழின் கடைசிப் பகுதி. உத்தரம், ஃபேன், மின்சாரம் போகிறது. ஓடும் ஃபேனை வீடியோவில் பார்த்துத் திசை சொல்லக் கூடாது. வீடியோவின் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையிலுள்ள நேரம் கண்ணை ஏமாற்றும், இது என் பாடத்தில் முதல் வருடமே வருவது. ஆனால் நிற்கப் போகும்போது ஏமாற்றாது.

வலப்பக்கமாகச் சுற்றி நிற்கிறது.

அருளப்பன் வந்ததும் நடைபாதை ஃபேனை அணைக்கச் சொன்னேன். பிறகு பதிவறை ஃபேன். பிறகு வாட்ச்மேன் அறை. பர்வீனுக்கும் போன் செய்தேன். ஸ்டேஷனில் எல்லா ஃபேனையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துத் திசை சொல்லச் சொன்னேன்.

"மேடம், டிஎஸ்பி உக்காந்திருக்காரு."

"அவர் தலைக்கு மேலே இருப்பதையும்."

கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார். "எல்லாம் லெஃப்ட்டுதான். டிஎஸ்பிக்கு வேர்த்துப் போச்சு. இப்பவாவது சொல்லுங்க, என்ன விஷயம்?"

"பதினேழைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். இடம் வலமாக."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். பிறகு, "அப்போ அந்தம்மாவோட முந்தானை..." என்றார்.

"இடது தோள்."

"நம்ம ஆளுங்கதான் மேடம்."

"ஆமாம்."

அருளப்பன் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் அமைப்புப் பக்கத்தைத் திறந்து கட்டத்தில் டிக் போட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசியிருக்கலாம்.

பெட்டி எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒப்பிட வேண்டும். நாளைவரை ஆகும்.


ஜூலை 18, வெள்ளி

பொருந்தியது. ஒரே ஒரு வீடியோவோடு, திருப்பிய நிலையில்.

அது திண்டுக்கல் பக்கம் வேறொரு வழக்கில் பிடித்த போனில் இருந்தது. ஆயிரக்கணக்கான கோப்புகளில் ஒன்று. "பொருத்தமில்லை, மனிதர் பார்க்க வேண்டும்" என்ற வரிசையில் கிடந்தது. அதன் முறை வர இன்னும் சில மாதங்கள் ஆகியிருக்கும். அருளப்பனின் பதிவைப் பார்த்தேன்: ஏற்றிய நாள் ஜூன் 10. பதினேழு வந்ததற்கு முன்பே அது இந்த அறையில் இருந்திருக்கிறது.

இந்தப் பிரதி நீளமானது, ஓரம் வெட்டப்படாதது, தெளிவானது. காலண்டர் அட்டை முழுதாகத் தெரிகிறது. பிள்ளையார் படத்துக்குக் கீழே ஒரு நாட்டு மருந்துக் கடையின் பெயர், ஊர்ப் பெயர். எழுத்து நேராக இருக்கிறது. துறையூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர். இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

பர்வீன் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நாம குஜராத்தில தேடிக்கிட்டிருந்தோம்" என்றார்.

"நான்" என்றேன்.

மாலை போட்ட அம்மாளின் முகமும் இதில் தெளிவாக இருக்கிறது. முப்பது, முப்பத்திரண்டு வயது. அந்தப் படத்தை மட்டும் தனியாக வெட்டி அச்செடுத்து அவரிடம் கொடுத்தேன். வேறு எதையும் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.


ஜூலை 21, திங்கள்

பர்வீன் சாதா உடையில் காலையிலேயே கிளம்பிவிட்டார். வேலை ஓடவில்லை. பதிவறையில் பழைய கோப்புகளை அடுக்கினேன். அருளப்பன் கேட்காமலே டீ வாங்கி வைத்தார்.

மூன்று மணிக்கு போன். மருந்துக் கடைக்காரருக்கு அந்த முகம் தெரியவில்லை. ஊரில் ஒரே ஒரு போட்டோ ஸ்டூடியோ. அங்கே போயிருக்கிறார்.

"பாத்ததுமே சொல்லிட்டாரு மேடம். போன ஐப்பசியில அவருதான் பெருசு பண்ணி ஃப்ரேம் போட்டுக் கொடுத்தாராம். 'மஞ்சள்காமாலையில போயிட்டாங்க, ஒரே பொண்ணு, வீட்டுக்காரரு லாரி ஓட்றாரு, நீங்க யாரு, சொந்தமா?'ன்னு கேட்டாரு. ஆமா, சொந்தந்தான்னு சொல்லிட்டேன்."

"வீடு?"

"முன்னாடி நிக்கிறேன். பச்சைப் பெயிண்ட் உள்ள தெரியுது. வைக்கிறேன் மேடம்."

அதன் பிறகு போன் இல்லை. ஏழு மணிக்கு ஒரு செய்தி வந்தது: "பாப்பா எங்கிட்ட."

இட்லி சாப்பிட்டேன். ருசி நினைவில்லை.


ஜூலை 25, வெள்ளி

பர்வீன் நேரில் வந்தார். சத்தம் குறைந்திருந்தது. பெட்டியைத் தட்டவில்லை.

ஆள், அப்பாவின் தம்பி முறை. அம்மா இறந்த பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்து தங்கியவன். அப்பா லாரியில் போனால் வருவதற்குப் பத்து நாள் ஆகும். அந்த ஆள் இப்போது சிறையில் இருக்கிறான். குழந்தைகள் நலக் குழு, பிள்ளையைக் கரூரில் இருக்கும் பெரியம்மாவிடம் விட்டிருக்கிறது. பெரியம்மா வந்து இறங்கினதும் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டவர், அன்று முழுக்க இறக்கவில்லையாம். ஒன்பது வயதுப் பிள்ளை, கால் அவர் முழங்காலுக்குக் கீழே தொங்கியதாம்.

"பேரு சொல்லட்டுமா மேடம்?"

"வேண்டாம். எனக்குத் தேவையில்லை."

"தெரியும், கேட்டுப் பாத்தேன்."

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "ஜூன் நடுவிலிருந்து இதுவரைக்கும் அவன் அந்த வீட்டில்தான் இருந்தானா?"

பர்வீன் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "டீ ஆறுது மேடம்."

"இருந்தானா?"

"இருந்தான்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "உங்க ஃபேன் இல்லேன்னா இன்னும் இருந்திருப்பான்" என்றார். ஆறுதலாகச் சொன்னது. கணக்கு அப்படி வேலை செய்வதில்லை. ஒன்றை இன்னொன்றிலிருந்து கழிக்க முடியாது.

கிளம்பும்போது கதவருகே நின்றார். "ஒரு விஷயம் மேடம். பெரியம்மா நேத்து போன் பண்ணாங்க. பிள்ளை சாப்பிடுது, விளையாடுது, எல்லாம் சரி. ஆனா படுக்கும்போது ஃபேனைப் போட விடமாட்டேங்குதாம். போட்டா எந்திரிச்சு வெளிய ஓடிருதாம். வேர்க்க வேர்க்கத் தரையில படுத்துத் தூங்குதாம். ஏன்னு அவங்களுக்குப் புரியல."




ஜூலை 31, வியாழன்

இறுதி அறிக்கை கொடுத்துவிட்டேன். பெட்டியை வாங்கலாம். மனிதர் பார்க்க வேண்டியதை அது பெருமளவு குறைக்கிறது. வெவ்வேறு ஊர் வழக்குகளைச் சேர்த்துப் பார்க்க வேறு வழி நம்மிடம் இல்லை. ஒரு நிபந்தனை: கண்ணாடிப் பக்கத்தை ஒப்பிடும் வசதியை யாரும் நிறுத்த முடியாதபடி கம்பெனி மாற்றித் தர வேண்டும். அது நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் ஒரு குழந்தையின் மீட்பு தாமதமானது. நிறுத்தியவர்: கீழே கையொப்பமிட்டிருப்பவர். உதவி விஞ்ஞானி அருளப்பன் அப்போதே ஆட்சேபம் தெரிவித்தார்.

அருளப்பன் படித்துவிட்டு, "இந்தக் கடைசி ரெண்டு வரி வேணாம் மேடம். மேல உள்ளவங்க உங்களத்தான் நோண்டுவாங்க" என்றார்.

"நடந்தது அதுதானே?"

"நடந்ததுதான்." கொஞ்சம் தயங்கினார். "நீங்க ஏன் எனக்கு வீடியோ கொடுக்கலேன்னு எனக்கு இப்பத்தான் புரிஞ்சுது. நேத்து வீட்ல பேசிக்கிட்டிருந்தோம். எம் பொண்டாட்டிக்கு அன்னிக்கே புரிஞ்சிருச்சாம்."

பதிவு வேலையைப் பற்றி மறுபடி சொன்னேன். அவர் தலையாட்டினார். கலர் பென்சிலில் வரைந்த ஒரு படத்தை எடுத்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். மாடா யானையா தெரியவில்லை.


ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. அம்மா மண்டபம் பக்கம் பஸ் போகவில்லை. பர்வீனை ஆற்றங்கரைப் பந்தோபஸ்துக்குப் போட்டிருக்கிறார்களாம். "சைபர் க்ரைமுக்கும் காவேரிக்கும் என்ன சம்பந்தம் மேடம், தண்ணிக்கு பாஸ்வேர்டா?" என்று குரல் செய்தி அனுப்பியிருந்தார். பின்னணியில் கூட்டமும் மைக்கும். சத்தம் திரும்பிவிட்டது அவருக்கு.

கோயிலுக்குப் போனேன். கடைசி பெஞ்ச். சின்னப் பிள்ளைகளின் பாட்டுக்கு வேறு ஒரு பெண் வாசித்தாள். ஒரு இடத்தில் சுருதி தப்பியது. பிள்ளைகள் கவலைப்படாமல் பாடினார்கள்.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாலையில் பெரிய கடைவீதிக்குப் போனேன். எலக்ட்ரிக்கல் கடை. தரையில் வைக்கிற டேபிள் ஃபேன் வேண்டும் என்றேன். கடைக்காரர் உத்தரத்தில் மாட்டுவதைத்தான் முதலில் காட்டினார், இதில் காற்று அதிகம் என்றார். தரையில் வைப்பதுதான் வேண்டும், தலைக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது, முன்பக்கம் வலை நெருக்கமாக இருக்க வேண்டும், சத்தம் மாறாமல் இருக்க வேண்டும் என்றேன். ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். நீல நிறத்தில் ஒன்று நன்றாக இருந்தது. பக்கவாட்டில் மெதுவாகத் தலையைத் திருப்பும்.

பர்வீனுக்கு போன் செய்தேன். நாளை கரூர் பக்கம் போகிறாராம்.

"யார் கொடுத்ததுன்னு கேட்டா என்ன சொல்ல மேடம்?"

"கடையில் கொடுத்தது என்று சொல்லுங்கள்."

"ஏன் டேபிள் ஃபேன்னு கேட்டா?"

"கேட்க மாட்டாள்" என்றேன்.



கடைக்காரர் பில் போடப் பேனாவை எடுத்தார். "ஒண்ணுதான மேடம்?" என்றார்.

இரண்டு என்றேன்.